ஊகித்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள்



2025-இல் பாரிஸிலிருந்து நமக்கு இரண்டு சேதிகள் வந்தன. ஒன்று ஊரறிந்தது. ஜூலை 11 அன்று மராட்டியர் காலத்து ராணுவக் கட்டமைப்புகள் என்ற வரிசையில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மிச்சமுள்ள ஒன்று நம் செஞ்சி. எங்கள் வல்லம் கடைத்தெருவில் கொஞ்ச நாள் அதே பேச்சுதான். இன்னொரு சேதி அதே யுனெஸ்கோ தலைமையகத்தில் அந்தப் பிப்ரவரியிலேயே தொடங்கிவைக்கப்பட்டது. 2025-ஐ சர்வதேச குவாண்டம் அறிவியல், தொழில்நுட்ப ஆண்டாக ஐ.நா. அறிவித்திருந்தது. ஹெய்சன்பர்க் என்ற 23 வயது ஜெர்மானியர், மகரந்த ஒவ்வாமைக்குப் பயந்து ஹெல்கோலாந்து என்ற தீவுக்குப் போய் உட்கார்ந்து புதிய குவாண்டம் இயக்கவியலுக்கு அடிபோட்டது 1925 ஜூனில். அதற்கு நூறாண்டு. இந்தச் சேதிக்கு நம் பக்கத்தில் யாரும் பேனர் வைக்கவில்லை. கோட்டை கண்ணுக்குத் தெரிகிறது, குவாண்டம் தெரியாது, பிறகு எதற்குப் பேனர் என்று நினைத்திருப்பார்கள்.

தெரியும் என்று சொல்லத்தான் இந்தப் பிப்ரவரி இதழின் பாதிப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

பிப்ரவரி என்றால் 28, தேசிய அறிவியல் நாள். பள்ளிகளில் சர் சி.வி. ராமன் படத்துக்கு மாலை போடுவோம், பேச்சுப்போட்டி வைப்போம், கடல் ஏன் நீலம் என்று ஒரு பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும். 1928-இல் அந்த நாளில் கொல்கத்தாவில் ராமனும் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணனும் என்ன செய்தார்கள் என்று மட்டும் யாரும் செய்துகாட்டுவதில்லை. அவர்களிடம் இருந்தது சூரிய வெளிச்சம். அதை ஒரு தொலைநோக்கியின் லென்ஸ் வழியாகக் குவித்தார்கள். ஊதா நிறத்தை மட்டும் விடும் கண்ணாடி ஒன்றைக் குறுக்கே வைத்து, அந்த ஊதா ஒளியைத் தூய்மையான திரவம் ஒன்றுக்குள் பாய்ச்சினார்கள். திரவத்தைப் பக்கவாட்டில் பார்க்கும் கண்ணுக்கு முன்னால் இன்னொரு கண்ணாடி. இது ஊதாவை அறவே விடாது, பச்சையும் மஞ்சளும்தான் இதைத் தாண்டும். சிதறும்போது ஒளி நிறம் மாறாது என்றால் அங்கே இருட்டுதான் தெரிய வேண்டும். அவர்களுக்கு மங்கலாக ஓர் ஒளித்தடம் தெரிந்தது. நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பை முதலில் பிடித்தது மனிதக் கண்.

அந்த மங்கல் தடம் குவாண்டம் விளைவு. ஒளியின் ஒரு பொட்டலம், அதாவது ஃபோட்டான், மூலக்கூறில் மோதி, தன் ஆற்றலில் ஒரு பங்கை அதனிடம் கொடுத்துவிட்டு, குறைந்த ஆற்றலுள்ள நிறத்தோடு வெளியே வருகிறது. ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்றுக்குத்தான் இப்படி நேரும். 1923-லேயே அதே ஆய்வகத்தில் கே.ஆர். ராமநாதன் தண்ணீரில் இதைப் பார்த்திருந்தார். ஏதோ அழுக்கின் பலவீனமான ஒளிர்வு என்று அப்போது எடுத்துக்கொண்டார்கள். திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. பார்த்ததை நம்புவதற்கு ஐந்து ஆண்டு ஆனது. பேச்சுப்போட்டியில் சொல்ல வேண்டிய கதை இதுதான் என்பது என் கட்சி.

செஞ்சி வட்டத்தில் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கும் வாசகி ஒருவர் எழுதிய கடிதம்தான் இந்த இதழுக்குக் காரணம். கதிர்வீச்சு மற்றும் பருப்பொருளின் இருமைப் பண்பு என்று பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடம் இருக்கிறது. அதை நடத்தி முடித்தாராம். வெளியேற்று ஆற்றல், பயன்தொடக்க அதிர்வெண் எல்லாம் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுகிறார்களாம். ஆனால் ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்பதை அவர்களில் ஒருவரும் உண்மையிலேயே நம்பவில்லை என்று தமக்குத் தோன்றுவதாக எழுதியிருந்தார். மதிப்பெண் வருகிறது, ஆச்சரியம் வரவில்லை. இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்.

பதினோராம் வகுப்பு வேதியியலில் நிலைமை இன்னும் மோசம். அங்கே இரண்டாவது பாடமே அணுவின் குவாண்டம் மாதிரிதான். நான்கு குவாண்டம் எண்களும் தெரு, வீட்டு எண், மாடி, அறை என்பதுபோல முகவரியாக இறங்கிவிடும். அந்த முகவரியில் குடியிருப்பது என்ன என்ற கேள்விக்கு நேரம் இருக்காது.

செய்துகாட்டலாம் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். செய்துகாட்டினால் மட்டும் போதாது. ஹார்வர்டில் எரிக் மசூரும் அவரது குழுவினரும் 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வகுப்பில் செய்துகாட்டும் சோதனையைச் சும்மா பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்கவே பார்க்காத மாணவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. அதற்கு வகுப்பில் கூடுதலாகச் செலவானது சில நிமிடங்களே. ஆகவே இந்த இதழில் உள்ள ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் தலையில் ஒரு பெட்டி போட்டிருக்கிறோம். அதில் பிள்ளைகள் தங்கள் ஊகத்தைப் பேனாவால் எழுத வேண்டும். பென்சில் கூடாது. பிறகுதான் சுவிட்ச்.

முதல் செயல்பாட்டுக்கு இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் வேண்டும். பிள்ளைகள் அறைக் கூரையில் ஒட்டும் நட்சத்திரம், நிலா. நம் ஊரில் ரேடியம் ஸ்டிக்கர் என்றே கேட்டு வாங்குகிறோம், அதில் ரேடியம் கிடையாது என்றாலும். ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒரு நீல எல்.இ.டி., இருட்டான வகுப்பறை. கதவு சன்னலைச் சாத்தி, கொஞ்ச நேரம் காத்திருந்து ஸ்டிக்கரின் ஒளி வடியட்டும். இப்போது நீல எல்.இ.டி.யை ஸ்டிக்கரின் மேல் தொட்டு நகர்த்தினால் பேனாவால் எழுதியதுபோல பச்சைக் கோடு விழும். பிள்ளைகள் முதலில் தங்கள் பெயரைத்தான் எழுதுவார்கள். எழுதட்டும். அடுத்து சிவப்பு. ஒன்றும் விழாது.

இங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும். சிவப்பு விளக்கு பத்தைச் சேர்த்து வைத்தால்? பத்து நிமிடம் வைத்திருந்தால்? பெரும்பாலான பிள்ளைகள் கொஞ்சமாவது ஒளிரும் என்றுதான் எழுதுவார்கள். அது நியாயமான ஊகம். அதிக வெளிச்சம், அதிக ஆற்றல், அதிக நேரம். அடுப்பில் தண்ணீர் வைத்தால் அப்படித்தானே. போட்டுப் பாருங்கள். பத்து சிவப்பு விளக்கு செய்யாததை ஒரு மங்கலான நீல விளக்கு செய்கிறது. ஆற்றல் மொத்தமாக வந்து சேர்ந்தால் போதாது. ஒவ்வொரு பொட்டலமும் தனியாக அந்த வேலையைச் செய்யப் போதுமானதாக இருக்க வேண்டும். சிவப்பின் பொட்டலம் சிறியது, எத்தனை கோடி வந்தாலும் ஒவ்வொன்றும் சிறியது. ஐன்ஸ்டைன் 1905-இல் ஒளிமின் விளைவுக்குச் சொன்ன விளக்கத்தின் உயிர் இது. ஸ்டிக்கரில் நடப்பது ஒளிமின் விளைவு அல்ல, அங்கே எலக்ட்ரான் வெளியே குதிப்பதில்லை, உள்ளேயே மேல்நிலைக்குப் போய்ச் சிக்கிக்கொண்டு மெல்லத் திரும்புகிறது. அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். தங்கள் கையால் எழுதிய ஊகம் பொய்த்துப்போன பிள்ளைகளுக்குப் பயன்தொடக்க அதிர்வெண் என்ற சொல்லை அதற்குப் பிறகு சொல்லுங்கள். தாங்களே தேடிக்கொண்டிருந்த பெயர்போல வாங்கிக்கொள்வார்கள்.

இதே எல்.இ.டி.யை வைத்து பிளாங்க் மாறிலியை அளந்துவிடலாம் என்றால் சிலர் நம்ப மறுக்கிறார்கள். 9 வோல்ட் பேட்டரி, பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல், ஒரு மல்டிமீட்டர், சிவப்பு, பச்சை, நீல எல்.இ.டி. ஒவ்வொன்று. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் எல்லாம் கிடைக்கும். மின்னழுத்தத்தைச் சுழியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். கறுப்புத்தாளைக் குழலாகச் சுருட்டி அதன் வழியாக எல்.இ.டி.யைப் பாருங்கள். ஒளி முதன்முதலாக எட்டிப்பார்க்கும் கணத்தில் மீட்டரில் என்ன இருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிறம் முதலில் எட்டிப்பார்க்கும் என்ற ஊகம் பெட்டியில் இருக்க வேண்டும், மறக்காதீர்கள். சிவப்புதான் முதலில், நீலம் கடைசி. சிறிய பொட்டலம் கட்டக் குறைந்த மின்னழுத்தம் போதும்.

கணக்கு எளிது. 630 நானோமீட்டர் சிவப்பின் அதிர்வெண் ஏறக்குறைய 4.8×10¹⁴ ஹெர்ட்ஸ். 470 நானோமீட்டர் நீலத்துக்கு 6.4×10¹⁴. வித்தியாசம் 1.6×10¹⁴. எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6×10⁻¹⁹ கூலும். உங்கள் மீட்டரில் சிவப்புக்கும் நீலத்துக்கும் 0.7 வோல்ட் வித்தியாசம் வந்திருந்தால், மேலும் கீழும் 1.6 அடிபட்டுப் போய் விடை 7×10⁻³⁴ ஜூல் வினாடி. உண்மையான மதிப்பு 6.626×10⁻³⁴. கண்ணால் பார்த்துக் குறிப்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஒருவருடைய விடைபோல இன்னொருவருடையது இருக்காது. இருந்தால் காப்பியடித்திருக்கிறார்கள் என்று பொருள். வெள்ளை எல்.இ.டி. இதற்கு உதவாது. அதன் உள்ளே இருப்பது நீல எல்.இ.டி.தான், மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் அதை வெள்ளையாகக் காட்டுகிறது. அந்த நீல எல்.இ.டி.யைச் செய்யப் பல பத்தாண்டு பிடித்தது. செய்த ஜப்பானியர் மூவருக்கு 2014-இல் நோபல் கிடைத்தது.

முப்பத்துமூன்று பூஜ்யத்துக்குப் பின்னால் வரும் இந்த எண்ணால் நமக்கு என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்டால், செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை எடைபோடும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். 1889 முதல் உலகத்துக்கெல்லாம் கிலோகிராம் என்பது பாரிஸுக்குப் பக்கத்தில் பூட்டிவைத்த ஒரு பிளாட்டினம் இரிடியம் உருளை. நம் நாட்டுக்கு வந்த நகலின் எண் 57, தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 2019 மே 20 முதல் அந்த உருளைக்கு வேலை போய்விட்டது. பிளாங்க் மாறிலிக்கு 6.62607015×10⁻³⁴ என்று ஒரு மதிப்பை நிலையாக வைத்து, அதிலிருந்து கிலோகிராமை வரையறுக்கிறார்கள். கமிட்டித் தராசின் முத்திரையைப் பின்தொடர்ந்து மேலே மேலே போனால் கடைசியில் நிற்பது அந்த எண்தான்.

அடுத்த செயல்பாட்டுக்கு மின்சாரம் வேண்டாம், பல்லாங்குழி போதும். இந்த இதழில் எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் சத்யேந்திரநாத் போஸ் என்ற 30 வயது ஆசிரியர், பிளாங்க் 1900-இல் கண்டுபிடித்த கதிர்வீச்சு விதியை மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்தார். விதி சரி. அதை வருவிக்கும் வழி அவருக்குப் பிடிக்கவில்லை. பாதி பழைய இயற்பியல், பாதி புதியது என்று ஒட்டுப்போட்டிருந்தது. தனக்கே திருப்தியில்லாததைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தவர், ஒளித்துகள்களை எண்ணும் முறையையே மாற்றினார். நான்கு பக்கத்துக்குள் அடங்கும் கட்டுரை. ஜூன் 4-ஆம் தேதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார். வகுப்பறையின் உறுத்தலிலிருந்து பிறந்த குவாண்டம் புள்ளியியல் அது.

அவர் எண்ணிய முறையைப் பல்லாங்குழியில் பாருங்கள். இரண்டு குழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சோழி, ஒரு குன்றிமணி. இவற்றை எத்தனை விதமாகப் போடலாம்? இரண்டும் இடக்குழியில், இரண்டும் வலக்குழியில், சோழி இடம் குன்றிமணி வலம், அதன் மறுதலை. ஆக நான்கு. இப்போது ஒரே மாதிரியான இரண்டு புளியங்கொட்டை. பார்வைக்கு மூன்று நிலைதான்: இரண்டும் இடம், இரண்டும் வலம், ஆளுக்கொன்று. ஊகம்: கண்ணை மூடிக்கொண்டு நூறு முறை போட்டால் இந்த மூன்று நிலையும் எத்தனை எத்தனை முறை வரும்? மூன்றில் ஒரு பங்கு என்று சிலர் எழுதுவார்கள். போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 25, 25, 50 என்று வரும். புளியங்கொட்டை பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒவ்வொன்றும் தனிக் கொட்டை. இது அது அல்ல.

ஒளிக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. மூன்று நிலைக்கும் சமவாய்ப்பு என்று வைத்துக்கொண்டால்தான் பிளாங்கின் விதி சுத்தமாக வந்து விழுகிறது. போஸ் கட்டுரையின் சாரம் அது. இரண்டு ஃபோட்டான்களில் இது எது, அது எது என்ற கேள்விக்கே இடமில்லை. நம்மால் அடையாளம் காண முடியவில்லை என்பதல்ல, அடையாளமே இல்லை. 14 குழியையும் எடுத்துக்கொண்டால் இன்னும் தெளியும். இரண்டு கொட்டையும் ஒரே குழியில் விழும் வாய்ப்பு 14-இல் ஒன்று. இரண்டு ஃபோட்டான் ஒரே நிலையில் இருக்கும் வாய்ப்பு 15-இல் இரண்டு. ஏறக்குறைய இரட்டிப்பு. ஒன்றாகச் சேர்ந்திருக்க விரும்பும் சாதி அது. எலக்ட்ரானோ நேர்மாறு, ஒரு குழியில் இன்னொன்றை விடாது. அதனால்தான் வேதியியல் என்ற ஒன்றே இருக்கிறது. பல்லாங்குழி வீட்டில் இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கை ஆசிரியரே பலகையில் செய்துவிட வேண்டாம் என்பது மட்டும் வேண்டுகோள்.

போஸ் பற்றி இன்னொரு சேதி, எங்களைப் போன்றவர்களுக்குத் தெம்பு தருவது. அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல வேண்டும் என்று 1948-இல் கொல்கத்தாவில் ஓர் அமைப்பைத் தொடங்கி, வங்காளியில் ஞான் ஓ பிஞ்ஞான் என்ற மாத இதழும் கொண்டுவந்தார். தமிழில் அதற்கு வெகு முன்பே பெ.நா. அப்புசுவாமி தனியாளாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். பிள்ளைகளுக்கான துளிர் 1987-இலிருந்து வருகிறது. நாம் ஒன்றும் புதிதாகக் கிளம்பியவர்கள் அல்ல.

கணினியில் செய்துபார்க்கும் பயிற்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகள் கேட்கின்றன. போஸும் ஐன்ஸ்டைனும் சொன்னபடி அணுக்கள் ஒரே நிலையில் குவிவதை 1995-இல் ருபீடியம் வாயுவில் செய்துகாட்டியவர்களில் ஒருவர் கார்ல் வீமன். 2001-இல் நோபல் வாங்கினார். அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்ற பெயரில் இயற்பியல் பயிற்சிகளைத் தொடங்கினார். இலவசம், பல பயிற்சிகள் தமிழிலும் கிடைக்கின்றன. அதிலுள்ள ஒளிமின் விளைவுப் பயிற்சியில் உலோகத்தை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம், ஒளிச்செறிவை ஏற்றி இறக்கலாம். ஸ்டிக்கரைக் கையால் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு இது நல்ல இரண்டாம் படி. முதல் படியாக வைக்காதீர்கள். திரையில் பார்ப்பது திரைப்படம்போலத்தான், அங்கே எது வேண்டுமானாலும் நடக்கும் என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

படங்களில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. அணு என்றதும் நடுவில் ஒரு உருண்டை, சுற்றி மூன்று வளையம், வளையத்தில் ஓடும் மணிகள். 1913-இல் நீல்ஸ் போர் வரைந்த வழியில் வந்த படம், பத்துப் பன்னிரண்டு ஆண்டிலேயே இயற்பியல் அதைக் கைவிட்டுவிட்டது. ஆனால் நாம் விடவில்லை. அறிவியல் கண்காட்சியில் தெர்மோகோலில் அதைத்தான் செய்து பரிசும் வாங்குகிறோம். காணொளிகளில் எலக்ட்ரானை ஒரு பெரிய கண் முறைத்துப் பார்ப்பதும், அது வெட்கப்பட்டுத் துகளாக மாறுவதும் அதைவிட மோசம். நல்ல படம் வேண்டுமென்றால் ஜப்பானில் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் அகிரா டொனொமுரா குழு 1989-இல் வெளியிட்ட படங்களைத் தேடிப் பாருங்கள். எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. திரையில் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி. சிதறிய கடுகு, அவ்வளவுதான். நேரம் ஆக ஆக புள்ளிகள் தானாகக் கோடு கோடாக அணிவகுக்கின்றன. ஒளியில் இதற்கு முன்னோடி இங்கிலாந்தில் ஜி.ஐ. டெய்லர் 1909-இல் செய்தது. ஊசி ஒன்றின் நிழலை மிக மங்கலான விளக்கில் மாதக்கணக்காகப் படம்பிடித்தார்; மங்கலால் கோடுகள் மாறவில்லை. டொனொமுராவின் புள்ளிப்படத்தில் பத்துப் புள்ளி விழுந்ததும் நிறுத்தி, அடுத்த புள்ளி எங்கே என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஒருவராலும் சொல்ல முடியாது. முழுப் படம் எப்படி வரும் என்று மட்டும் எல்லோராலும் சொல்ல முடியும்.

அதே புதிர் நம் கோட்டைப் பாறையில் இருக்கிறது. செஞ்சிப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி ஆண்டு வயது சொல்கிறார்கள். கருங்கல்லில் பொட்டாசியம் உண்டு; அதில் பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் பொட்டாசியம் 40 என்ற கதிரியக்க வகை. அதன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. கோட்டையின் ராஜகிரிக் குன்றில் ஏறும்போது நீங்கள் கைவைத்து மூச்சுவாங்கும் பாறையில் அது உருவானபோது இருந்த பொட்டாசியம் 40-இல் கால்பங்குதான் மிச்சம். இதற்குத் தாயம் ஆடும் புளியங்கொட்டை வேண்டும். ஒரு பக்கம் வெள்ளை தெரிய உரசிய கொட்டை நூறு. உருட்டுங்கள், வெள்ளை மேலே வந்ததை விலக்குங்கள், மிச்சத்தை எண்ணுங்கள், திரும்ப உருட்டுங்கள். வரைபடம் பாடப்புத்தகத்தில் உள்ள வளைவுபோலவே இறங்கும். கொட்டை சரிபாதி வாய்ப்புள்ள காசு அல்ல, ஆகவே ஒவ்வொருவர் கொட்டைக்கும் ஒரு அரை ஆயுள் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதே நல்ல வீட்டுப்பாடம். இந்த விளையாட்டு எங்கே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுங்கள். கொட்டை சுழன்ற வேகம் தெரிந்தால் எந்தப் பக்கம் விழும் என்று கணக்கிட்டுவிடலாம். எந்த அணுக்கரு எப்போது சிதையும் என்பதற்கு அப்படி ஒளிந்திருக்கும் காரணம் எதுவும் குவாண்டம் கோட்பாட்டில் கிடையாது. ஐன்ஸ்டைன் கடைசிவரை இதை ஏற்கவில்லை. உங்கள் வகுப்பிலும் ஒருவர் ஏற்க மாட்டார். அவரைத் திட்டாதீர்கள்.

மத்திய அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்தை அறிவித்தது, அதன் தகவல் தொடர்புப் பிரிவு சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. தமிழக அரசின் வானவில் மன்றம் 2022 நவம்பரிலிருந்து ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குச் சோதனைகளைக் கொண்டுபோகிறது. இரண்டும் நல்லவை. இரண்டுக்கும் நடுவே பொதுத்தேர்வு உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு செய்முறையில் நிறமாலைமானியும் கீற்றணியும் வைத்து ஒளியின் அலைநீளம் கண்டுபிடிக்கிறோம். கோணம், அட்டவணை, கையெழுத்து, முடிந்தது. பாதரச விளக்கு ஏன் தனித்தனிக் கோடாகத் தெரிகிறது, ஏன் வானவில்லாக இல்லை என்று அங்கே கேட்க ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அணுவில் ஆற்றல் படிப்படியாகத்தான் இருக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி நம் பள்ளிகளில் வேறில்லை. அந்த விளக்கோ தேர்வு நாளில் மட்டும் அலமாரியைவிட்டு வெளியே வருகிறது.

நம் ஊர் இந்த விஷயத்தில் பின்தங்கிய ஊராக எப்போதும் இருந்ததில்லை. 1928-இல் ஜெர்மனியின் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் அவருடைய அணு நூலைக் கரைத்துக் குடித்துவிட்டு விடுதிக்கே போய்ப் பார்த்தார். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, ஷ்ரோடிங்கரும் ஹெய்சன்பர்க்கும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்ற பொருளில் பேசிய அவர், அச்சுக்குப் போகாத தம் கட்டுரையின் படிகளைப் பையனிடம் கொடுத்தார். அந்தப் படிகள் அவரை வெகுதூரம் கொண்டுபோய்விட்டன. பிறகு மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி நடத்திய வாராந்தரக் கூட்டத்துக்கு 1960 ஜனவரியில் நீல்ஸ் போரே வந்திருந்தார். அந்த வீட்டுக் கூட்டம்தான் 1962-இல் கணித அறிவியல் நிறுவனமாயிற்று. வீடு, விடுதி, வகுப்பறை எதுவாயினும் இடம் ஒரு தடையாக இருந்ததில்லை.

இதழைப் பற்றிக் கொஞ்சம். நடுப்பக்கத்தில் உள்ள அட்டையை வெட்டி மடித்து, உள்ளே பழைய சி.டி.யின் துண்டு ஒன்றை ஒட்டினால் நிறமாலை காட்டி தயார். யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் கல்யாண வீடியோ சி.டி. இருந்தால் வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். குழல்விளக்கு, எல்.இ.டி. பல்பு, அடுப்புச் சுடரில் தூவிய உப்பு மூன்றையும் பார்த்து வரைந்து அனுப்புங்கள். 1868 ஆகஸ்ட் கிரகணத்தில் குண்டூரில் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் இதே வகைக் கருவியில்தான் சூரியனின் விளிம்பில் ஒளிக்கோடுகளைப் பார்த்தார்கள், அவற்றில் மஞ்சள் கோடு ஹீலியத்துடையது. நீங்கள் அதைக்கொண்டு சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. வெள்ளைச் சுவரில் படும் வெயில் போதும். முருங்கைக்கீரையை ஸ்பிரிட்டில் அரைத்து நீல வெளிச்சம் காட்டிச் சிவப்பாக ஒளிரவைக்கும் செயல்பாடு 22-ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பெரியவர் யாராவது உடனிருந்து, அடுப்பு எரியாத இடத்தில் செய்ய வேண்டும்.

எல்.இ.டி. அளவீடுகளை எங்களுக்கு அனுப்புங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் மின்னழுத்தம், கிடைத்த மாறிலி, அதோடு சுவிட்ச் போடும் முன் பேனாவால் எழுதிய ஊகம். ஊகத்தைத் திருத்தாமல் அனுப்ப வேண்டும். பச்சையில் பலருக்கும் எண், சிவப்பையும் நீலத்தையும் இணைக்கும் கோட்டைவிட்டு விலகி நிற்கும், அதற்காக அதை விட்டுவிடாதீர்கள். வந்த எண்கள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டு ஏப்ரல் இதழில் அச்சிடுகிறோம். மார்ச் 10-க்குள் கிடைத்தால் நல்லது, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மட்டும் மாதக் கடைசிவரை நேரம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்
வல்லம்